தூர்வாரும் யந்திரமும் அதை நடத்தும் கைகளும்

கோடை முற்றிக் குளங்களின் அடிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில், நமது பகுதியின் குளங்களுக்குள் பெரிய மண்வாரி யந்திரங்கள் இறங்கி வண்டல் எடுப்பதை அங்கத்தினர் யாவரும் கண்டிருப்பர். ஒரு காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆளாக மண்வெட்டியும் கூடையும் ஏந்திக் குடிமராமத்து முறையில் ஊரார் மாதக்கணக்கில் செய்த வேலையை, இன்று ஒரு யந்திரமும் ஒரு மனிதரும் சில நாட்களில் முடித்துவிடுகின்றனர். இந்த யந்திரத்தை நம்மில் சிலர் பொக்லைன் என்கிறோம்; சிலர் ஹிட்டாச்சி என்கிறோம்; சக்கரத்தில் ஓடும் அதன் தம்பியை ஜே.சி.பி. என்கிறோம். பெயரை அறிந்த அளவுக்கு அதன் கைகால்களை நாம் அறிந்தோமில்லை. மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி அமர்த்தும் நாம், கரைமேல் குடை பிடித்து நின்று வேடிக்கை பார்ப்பதோடு நமது கடமை தீர்ந்ததென்று எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதை எடுத்துச் சொல்லவே இதனை எழுதுகிறோம்.

இப்பொழுது இதற்கு ஒரு விசேஷ அவசியமும் நேர்ந்திருக்கிறது. அத்திக்கடவு-அவினாசித் திட்டம் 60 ஆண்டுகளுக்கும் மேலாக நமது விவசாயிகள் கேட்டுவந்த திட்டம். அது 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வழிந்துபோகும் உபரி நீரை மோட்டார் வைத்து ஏற்றி, குழாய் வழியே கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலுள்ள 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுவருவது அத்திட்டம். ஆற்றில் உபரி இருக்கும் நாட்களில் மட்டுமே வரக்கூடிய நீர் அது. வந்த நீரைப் பிடித்து வைப்பது குளத்தின் வயிறு. அந்த வயிற்றைச் செம்மை செய்வதும் கிழித்துவிடுவதும் யந்திரத்தின் ஆசனத்தில் அமர்ந்திருப்பவரின் இரண்டு கைகளில் இருக்கிறது.

கிழித்துவிட்ட குளம் ஒன்றை நாமே பார்த்தோம். ஊரின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கு வேண்டியதில்லை. வண்டல் மண்ணுக்கு அவ்வாண்டு நல்ல கிராக்கி. நடைக்கு இவ்வளவு என்று ஓட்டுநருக்குப் பேசிவிட்டிருந்தார்கள். எந்த ஆழம் வரை எடுப்பது என்று ஒருவரும் அளந்து குறி வைக்கவில்லை. மேலே கருநிற வண்டல். அதன் கீழே பல தலைமுறைகளாகப் படிந்து இறுகிய களிமண். அதற்கும் கீழே சுக்கான்கல் கலந்த சரளை. நீர் கீழே இறங்காமல் தாங்கி நிற்பது அந்தக் களிமண் பாயின் மேல்தான். யந்திரத்தின் பக்கெட் ஓரிடத்தில் அந்தப் பாயைக் குத்திக்கொண்டு சரளை வரை இறங்கிவிட்டது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து குளம் நிறைந்தது; மார்கழிக்குள் அந்தப் பள்ளத்தின் வழியாக நீர் இறங்கிக் குளம் வறண்டது. நிலத்தடி நீர் ஏறட்டும் என்றே வெட்டும் கசிவுக் குட்டைக்கு அது குறையாகாது. கரைக்குக் கீழே மடைப்பாசனம் உள்ள குளத்துக்கு அது பெருநஷ்டம். ஓட்டுநரைக் குறை கூறினார்கள். அவர் கேட்ட கேள்விக்கு மட்டும் கரைமேல் நின்ற எவரிடமும் பதில் இல்லை: "எங்கே நிறுத்தணும்னு யாருங்க சொன்னீங்க?"

இனி யந்திரத்தின் சங்கதிக்கு வருவோம். பொக்லைன் என்பது உண்மையில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர். வேளாண் கருவிகள் செய்யும் பட்டறையாகத் தொடங்கிய அந்தக் கம்பெனி, 1951-இல் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் மண்வாரி ஒன்றைச் செய்து வெளியிட்டது. பின்னர் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனம் அதே தொழில்நுட்பத்துடன் அந்த யந்திரங்களை இந்தியாவில் தயாரித்தது. ஆகவேதான் நம் நாட்டுக் கிராமத்துப் பெரியவர்கள் வாயிலும் அப்பெயர் புகுந்துவிட்டது. ஜப்பானிய ஹிட்டாச்சி கம்பெனி தன் சொந்தத் தொழில்நுட்பத்தால் செய்த முதல் எண்ணெய் அழுத்த மண்வாரி 1965-இல் வந்தது; 1984-இல் அக்கம்பெனி டாடாவுடன் கூட்டுச் சேர்ந்தது. ஒரு கம்பெனியின் பெயரே பொருளின் பெயராகிவிடுவது நமக்குப் புதிதன்று; வனஸ்பதியை நாம் டால்டா என்றே சொல்லிப் பழகியவர்கள்.

எண்ணெய் அழுத்தம் என்றால் என்ன என்று நமது பருத்தி விவசாயிகளுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஜின்னிங் பாக்டரியில் அரைத்தெடுத்த பஞ்சை 170 கிலோ பேலாக இறுக்கிக் கட்டும் பிரஸ்ஸைப் பார்த்தவர்கள் நாம். மூடிய குழாயில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எங்கும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டறிந்தார். அந்த விதியை வைத்து 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிராமா அழுத்த யந்திரத்துக்கு உரிமம் பெற்றார். பஞ்சு பிரஸ் அதன் வழித்தோன்றல். மண்வாரியும் அதே குடும்பம்தான். 20 டன் எடை வகுப்பு யந்திரத்தில் முதன்மைப் பம்பு தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 350 கிலோ. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றின் உட்பரப்பு 113 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 39½ டன் வருகிறது. ஒரு சிலிண்டரின் தள்ளுவிசை இவ்வளவு. இவ்வளவு விசையையும் ஏவுவது ஓட்டுநரின் மணிக்கட்டில் ஓர் அங்குல அசைவு.

யந்திரத்தின் கையில் மூன்று உறுப்புகள் உண்டு. உடலோடு பொருந்தி மேலெழும் பெரிய வளைகரம் பூம். அதன் நுனியில் முழங்கைபோல் மடங்குவது ஆர்ம். அதன் முனையில் மண் அள்ளும் பற்களுடையது பக்கெட். கீழே இரும்புச் செயின் பட்டைகள் இரண்டு. ஓட்டுநர் அறை, இஞ்சின், பின்பாரம் எல்லாம் அடங்கிய மேலுடல் முழுவதும் செயின் சட்டத்தின்மேல் வட்டமாகச் சுழலும்.

நமது நெசவாளர் ஒருவர் குழித்தறியில் அமர்ந்தவுடன் நாடாவை இழுத்துவிடுவதில்லை. பலகையின் உயரம் சரியா, மிதிக்கயிற்றின் நீளம் தம் காலுக்கு ஏற்றதா, கை எட்டுமிடத்தில் கயிற்றுப்பிடி இருக்கிறதா என்று பார்த்துச் சீர்செய்துகொண்ட பிறகே முதல் ஊடையைப் போடுகிறார். வேறொருவர் தறியில் ஒரு நாள் நெய்யச் சொன்னால் மாலைக்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். துணியிலும் குறை விழும். மண்வாரி ஓட்டுநருக்கும் இஃது ஒப்பானதே. ஆசனத்தை முன்பின்னாக நகர்த்தும் பிடியொன்று உண்டு. முதுகு சாய்வில் முழுதும் படிந்திருக்கும்போதே கால் மிதிகளைக் கடைசி வரை அழுத்த முடிகிற இடத்தில் அதனை நிறுத்த வேண்டும். ஆசனத்தின் கீழே உள்ள வில்லை ஓட்டுநரின் உடல் எடைக்கு ஏற்றபடி இறுக்கவோ தளர்த்தவோ ஒரு திருகு இருக்கும். 55 கிலோ எடையுள்ள இளைஞர் 90 கிலோ எடைக்குத் திருகிவைத்த ஆசனத்தில் அமர்ந்தால் நாள் முழுதும் குலுங்கிக்கொண்டே இருப்பார். குலுங்கும் உடலிலிருந்து நேரான வெட்டு வராது. கைத்தாங்கியின் உயரமும் முக்கியம். முழங்கை தாங்கியில் ஊன்றி, மணிக்கட்டு மட்டும் அசைந்து லீவரை நடத்த வேண்டும். தோள் அசைந்தால் அசைவு பெரிதாகும். லீவரில் ஓர் அங்குலம் கூடினால் பக்கெட் நுனியில் ஒரு முழம் கூடிவிடும். களிமண் பாய் கிழிபடுவது பெரும்பாலும் இந்த ஒரு முழத்தில்தான் என்பது நமது அபிப்பிராயம்.

கண்ணாடிகளும் அப்படியே. பின்பாரத்தின் இரு மூலைகளும் அதற்கப்பால் தரையும் தெரியும்படி அவற்றைத் திருப்பிவைத்து, முந்திய நாள் படிந்த புழுதியைத் துடைக்க வேண்டும். இருக்கைப் பட்டியை இடுப்பில் பூட்ட வேண்டும். செயின் வண்டி வேகமாக ஓடுவதில்லை, பட்டி எதற்கு என்று கேட்பவர் உண்டு. கரைச்சரிவில் யந்திரம் சாயும் நேரத்தில் வெளியே குதிக்க முயன்று அதன் அடியிலேயே சிக்கிக்கொள்வது உண்டு. பட்டி ஒருவரை அறைக்குள் நிறுத்துகிறது.

இப்பொழுது லீவர்கள். ஆசனத்தின் இருபுறமும் கைக்கு ஒன்றாக இரண்டு. பொதுவாக வழங்கும் முறையில், இடக்கை லீவரை முன்னே தள்ளினால் ஆர்ம் வெளியே நீளும். பின்னே இழுத்தால் ஓட்டுநரை நோக்கி மடங்கும். இடமாகவும் வலமாகவும் சாய்த்தால் மேலுடல் அந்தந்தப் பக்கம் சுழலும். வலக்கை லீவரை முன்னே தள்ளினால் பூம் தாழும். பின்னே இழுத்தால் உயரும். இடப்பக்கம் சாய்த்தால் பக்கெட் மண்ணை அள்ளிச் சுருளும். வலப்பக்கம் சாய்த்தால் விரிந்து கொட்டும். மேலோட்டமாகப் படித்தால் இவை எட்டு அசைவுகள். கைதேர்ந்தவரிடம் இவை தனித்தனியாக நிகழ்வதே இல்லை. பூம் உயரும்போதே உடல் சுழலும். சுழலும்போதே ஆர்ம் நீளும். டிராக்டர் பெட்டியின் மேல் வந்து நிற்கும் கணத்தில் பக்கெட் விரியும். தறியில் காலும் கையும் பேசிக்கொள்வதுபோல் இங்கு இரண்டு கைகளும் பேசிக்கொள்கின்றன.

இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. எல்லா யந்திரங்களும் இந்த ஒரே முறையில் அமைந்தவை அல்ல. இன்னொரு முறையில் முன்பின் அசைவுகள் கைமாறிக் கிடக்கும்: இடக்கை பூமை உயர்த்தித் தாழ்த்தும், வலக்கை ஆர்மை நீட்டி மடக்கும். சுழற்சியும் பக்கெட்டும் மாறுவதில்லை. சில யந்திரங்களில் ஒரு வால்வைத் திருப்பி ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் வசதி உண்டு. ஆகவே நேற்று ஒரு வண்டியில் இருந்தவர் இன்று வேறொரு வண்டியில் ஏறினால், ஆளற்ற வெட்டவெளியில் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு ஒவ்வொரு லீவரையும் சிறிதளவு அசைத்துப் பார்க்காமல் வேலை தொடங்கலாகாது. இதற்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அந்த இரண்டு நிமிடத்துக்கும் வாடகை ஓடுகிறதே என்று மேலிருந்து குரல் கொடுக்கும் அங்கத்தினர் யாரேனும் இருந்தால், அருகிலிருப்போர் அவரை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டும்.

ஆசனத்தின் இடப்பக்கத்தில் இன்னொரு சிறு லீவர் உண்டு. பெரும்பாலும் சிவப்புப் பிடி போட்டிருப்பார்கள். அது பூட்டு லீவர். முதன்மை அழுத்தம் 350 கிலோ என்றோம். லீவர்களின் கீழ் ஓடுவது அதன் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள ஏவல் அழுத்தம். அந்த ஏவலே பெரிய வால்வுகளைத் திறக்கிறது. பூட்டு லீவரைப் பூட்டு நிலையில் வைத்தால் ஏவல் அறுபடும். பிறகு கைலீவரை எப்படி அசைத்தாலும் யந்திரம் அசையாது. ஓட்டுநர் எழுந்திருக்குமுன் அதைப் பூட்டுவது கட்டாயம். மதிய உணவுக்கு இறங்கிய ஓர் இளைஞர் இதனை மறந்ததை நாம் அருகிலிருந்து கண்டோம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் தொங்கிய பையின் வார் இடக்கை லீவரில் மாட்டியது. மேலுடல் சரேலெனச் சுழன்றது. பின்பாரம் போய் இடித்தது நல்லவேளையாக ஒரு மண்மேட்டில். ஐந்து நிமிடத்துக்கு முன் அந்த மேட்டின்மேல் இரண்டு சிறுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

சிறுவர்கள் அங்கு உட்கார்ந்திருந்தது ஓட்டுநரின் குற்றமன்று, நமது குற்றம். யந்திரம் கைநீட்டிச் சுழலும் வட்டத்துக்கு வெளியே நாலு கழி நட்டு ஒரு கயிறு கட்டுவதற்கு என்ன செலவாகும்? அதேபோல் மேலே மின்கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்களைக் காலையிலேயே ஓட்டுநருக்குக் காட்டிவிட வேண்டும். உயர்த்திய பூமின் முனை அவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதுண்டு. கம்பிக்குப் பக்கத்தில் வேலை செய்தே தீரவேண்டுமானால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்யலாம்.

செயினை நடத்த, ஆசனத்தின் முன்னே இரண்டு மிதிகளும் அவற்றோடு இணைந்த இரண்டு நெம்புகோல்களும் உள்ளன. இரண்டையும் ஒருசேர முன்னே தள்ளினால் முன்னே போகும். ஒன்றை மட்டும் தள்ளினால் திரும்பும். இதிலும் ஒரு சூது. செயினை இழுக்கும் பற்சக்கரம் சட்டத்தின் பின்பக்கம் இருக்கும்போதுதான் இந்தக் கணக்குச் சரி. மேலுடல் அரைவட்டம் சுழன்று பற்சக்கரம் முன்னே வந்துவிட்டால், முன்னே தள்ளினால் பின்னே போகும். குளத்துக்குள் நாலாபக்கமும் சுழன்று வேலை செய்பவர் தம் பற்சக்கரம் எப்பக்கம் என்பதை ஒருமுறை மறந்தால், கரையேற வேண்டிய யந்திரம் சேற்றில் இறங்கும்.

சேறு என்றவுடன் ஓர் ஆச்சரியத்தைச் சொல்ல வேண்டும். 20 டன் யந்திரம் தரையில் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் அரைக் கிலோதான். நடக்கும்போது ஒற்றைக் காலில் நம் எடை முழுதும் நிற்கும் கணத்தில் நாம் தருவதும் ஏறக்குறைய அவ்வளவே. செயின் பட்டையின் அகலம் செய்யும் வித்தை இது. ஆகவே ஒரு மனிதர் கால் புதையாமல் நடக்கும் இடத்தில் செயின் வண்டியும் பெரும்பாலும் நிற்கும். அதிகாலையில் ஓட்டுநர் அந்தப் பகுதியை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு ஏறுவது நல்ல வழக்கம்.

செயினின் இறுக்கமும் ஒரு சீரமைப்பே. நூலின் இழுவிசை கூடினால் அறுபடும், குறைந்தால் கண்ணி தொய்யும் என்பது பனியன் துணி பின்னும் யந்திரத்தில் வேலை செய்யும் நம்மவருக்குத் தெரியும். செயினும் அப்படியே. மிக இறுகினால் பற்களும் பின்களும் தேயும். மிகத் தளர்ந்தால் கழன்று விழும். ஈரக்களிமண் பற்களுக்கிடையே அடைந்து தானாகவே செயினை இறுக்கிவிடுமாதலால், சேற்று வேலையில் சிறிது தளர்வாக வைப்பது முறை. இறுக்கத்தைத் தாங்குவது ஒரு சிலிண்டருக்குள் அடைத்த கிரீஸ். கிரீஸ் துப்பாக்கியால் ஏற்றினால் இறுகும். வால்வைத் திருகினால் கிரீஸ் வெளியேறித் தளரும். அந்த வால்வை ஒரு சுற்றுக்குமேல் திருகலாகாது. அதன் நேரே முகத்தை வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் பீறிடும் கிரீஸ் தோலைத் துளைத்துவிடும்.

செலவைப் பற்றி ஒரு கணக்கு. ஓட்டுநரின் வலப்பக்கத்தில் இஞ்சின் வேகத்தைக் கூட்டிக்குறைக்கும் ஒரு வட்டத் திருகும், கடும் வேலைக்கும் சிக்கன வேலைக்கும் தனித்தனிப் பொத்தான்களும் இருக்கும். இறுகிய மண்ணுக்குக் கடும் நிலை வேண்டும். இளகிய வண்டலுக்குச் சிக்கன நிலை போதும், டீசல் மிச்சமாகும். லீவரைச் சில விநாடி தொடாதிருந்தால் இஞ்சின் தானே வேகம் குறையும் ஏற்பாடும் பல வண்டிகளில் உண்டு. இரைச்சல் கேட்டால்தான் வேலை நடக்கிறது என்று நம்பும் வாடகைக்காரரைத் திருப்தி செய்யவே சில ஓட்டுநர்கள் அதனை நிறுத்திவைக்கிறார்கள்!

ஆயினும் பெரிய விரயம் வேறிடத்தில் இருக்கிறது. மணிமானி இஞ்சின் ஓடும் நேரத்தைக் காட்டுகிறது. மண் அள்ளிய நேரத்தையன்று. 0.9 கன மீட்டர் பக்கெட் ஒரு முறைக்குச் சுமார் 32 கன அடி கொள்ளும். ஒரு யூனிட் என்று நாம் சொல்லும் 100 கன அடியை நிரப்ப மூன்று நான்கு அள்ளல்கள். டிராக்டர் வந்து நிற்கும் நேரமும் சேர்த்துப் பெட்டிக்கு 3 நிமிடம் என்று வைப்போம். தோட்டத்துக்குப் போய்க் கொட்டித் திரும்ப 24 நிமிடம் ஆகுமானால், யந்திரம் சும்மா நிற்காதிருக்க 9 டிராக்டர் வேண்டும். நாலு டிராக்டரை மட்டும் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு 27 நிமிடத்திலும் வேலை நடப்பது 12 நிமிடம். 15 நிமிடம் காத்திருப்பு. வாடகையில் பாதிக்குமேல் காற்றோடு போகிறது. தனித்தனியே இரண்டு டிராக்டர் உள்ளவர்கள் ஐந்து பேர் சங்கத்தின் மூலம் ஒரே நாளில் சேர்ந்துகொண்டால் இந்த நஷ்டம் இல்லை. அரசு வேளாண்மைப் பொறியியல் துறையும் மண் வேலை யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. இ-வாடகை செயலி வழியாகப் பதிவு செய்யலாம். குளத்து மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் விலையின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறும் ஏற்பாடு 2024-இல் வந்தது. அனுமதிச் சீட்டில் ஆழமும் அளவும் குறித்திருக்கும். அந்தச் சீட்டின் நகலை ஓட்டுநர் கையில் ஒருவரும் கொடுப்பதில்லை. கொடுக்க வேண்டும் என்பது நமது கட்சி.

மண்ணைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. நொய்யல் பக்கத்துக் குளங்களில் சாயக்கழிவு நீர் புகுந்த காலம் நமக்கு மறக்கவில்லை. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசன அணையாக இல்லாமல் கழிவுநீர்த் தேக்கமாகிப்போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயத் தொழிற்சாலைகளை மூட உத்தரவிட்டதும், கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமானதும் நமது நெசவாளருக்கும் விவசாயிக்கும் ஒருங்கே வலித்த சரித்திரம். அத்தகைய நீர் என்றேனும் புகுந்த குளத்தின் வண்டலை மண்பரிசோதனை நிலையத்தில் உப்பும் காரமும் பார்க்காமல் தோட்டத்தில் கொட்டலாகாது. பறவைகள் சரணாலயமும் ராம்சர் ஈரநிலமுமாகிய நஞ்சராயன் குளம் போன்ற இடங்களோ வேறு வகை; அங்கு வனத்துறையின் சொல்லின்றி மண்வெட்டிகூட இறங்கக் கூடாது.

இனி, நல்ல முறையில் நடந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுகிறோம். சென்ற கோடையில் அவினாசி வட்டத்துக் குளம் ஒன்றில் நமது அங்கத்தினர் சிலர் கூடி யந்திரம் அமர்த்தியிருந்தனர். முந்திய நாளே குளத்தில் நாலைந்து இடங்களில் கடப்பாரையால் குழி போட்டு, வண்டல் எத்தனை அடி, களிமண் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துவிட்டார்கள். களிமண்ணுக்கு மேல் ஒரு சாண் வண்டலை விட்டுவிடுவதென்று முடிவு. அந்த ஆழத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். கரையின் அடிவாரத்திலிருந்து பொறியாளர் சொன்ன தூரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டுக்குள் பக்கெட் வரக்கூடாது. கரையடியில் வெட்டினால் கரை சரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஓட்டுநர் வெளியூர் இளைஞர். வயது 25 இருக்கலாம். இறங்கி ஒருமுறை சுற்றி வந்தார். செயினைக் காலால் தட்டிப் பார்த்தார். எண்ணெய், நீர், டீசலில் நின்ற தண்ணீர் எல்லாம் பார்த்தார். பின்களுக்குக் கிரீஸ் வைத்தார். ஏறி ஆசனத்தை இரண்டு முறை நகர்த்தி மூன்றாம் முறை திருப்தியடைந்தார். இஞ்சினைச் சிறிது நேரம் சூடேறவிட்டு, லீவர்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். நமது பெரியவர் ஒருவர் பொறுமையிழந்து, "என்ன தம்பி, பூஜை முடிஞ்சுதா?" என்று கேட்டார். "முடிஞ்சுதுங்க ஐயா" என்று சிரித்துக்கொண்டே வேலையில் இறங்கினார்.

அவர் வெட்டிய விதத்தை நாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். பூமையும் ஆர்மையும் கடைசி எல்லை வரை நீட்டி இடிக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறையச் செங்கோணம் இருக்கும் நிலையிலேயே அதிகம் அள்ளினார். விசை மிகுவது அந்த நிலையில்தான். மண்ணைப் பக்கவாட்டில் தள்ள உடலைச் சுழற்றி அடிக்கவில்லை; அப்படிச் செய்தால் சுழற்றும் கியர் கெடும். சிவப்புத் துணியை நெருங்கியதும் அவர் கைகள் மெதுவாயின. ஆர்மை மடக்கிக்கொண்டே பூமை அதே அளவுக்கு உயர்த்தி, பக்கெட்டின் பற்கள் நேர்கோட்டில் வரும்படி இழுத்தார். இந்த ஒன்றுதான் இத்தொழிலில் மிகக் கடினம் என்று அறிந்தவர் கூறுவர். ஆர்ம் மட்டும் மடங்கினால் பக்கெட் வட்டமாக இறங்கிக் குழி பறிக்கும். பூம் அதிகம் உயர்ந்தால் திட்டு நிற்கும். அவர் இழுத்துவிட்டுப்போன தரை, உழவர் பரம்படித்த வயல்போல் கிடந்தது.

வெயில் உச்சியில் யந்திரத்தை நிறுத்தச் சொல்லி அங்கத்தினர்களே அவரை அழைத்து வேப்பமர நிழலில் சாப்பாடு போட்டு ஒரு மணி நேரம் படுக்கச் சொன்னார்கள். பல இடங்களில் இந்த இளைஞர்களைக் காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை ஓட்டவிட்டு, யந்திரத்தின் நிழலிலேயே தூங்கச் செய்வதைப் பார்க்கிறோம். தூக்கம் கெட்ட கை ஒரு முழம் தவறும். அந்த ஒரு முழத்தின் விலையை முன்னமே சொன்னோம்.

மாலை 6 மணிக்கு யந்திரத்தைச் சேற்றிலிருந்து கரையோரத்து இறுகிய தரைக்குக் கொண்டுவந்து, பக்கெட்டைத் தரையில் படுக்கவைத்தார். ஐந்து நிமிடம் இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அணைத்தார். பூட்டு லீவர் ஏறியது. செயினில் அப்பியிருந்த களிமண்ணை ஒரு கம்பியால் பெயர்த்துவிட்டு, கைகழுவி வந்து மணிமானியைக் காட்டினார். காலையில் குறித்ததற்கும் அதற்கும் வித்தியாசம் 8 மணி 40 நிமிடம். ஏற்றிய பெட்டிகள் 141. சங்கத்தின் நோட்டில் இரண்டையும் எழுதி, அவரும் நமது அங்கத்தினர் இருவரும் கையொப்பமிட்டார்கள்.